மக்கும் ரசமட்டமும்

அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில் கொம்பையா ஆசாரிக்கு ஒரு மரப்பட்டறை இருந்தது. அவர் இருக்கும்வரை அங்கே கருவிகள் வாயைத் திறக்காது. மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுப் பக்கம் நகர்ந்தால் போதும், அப்புறம் சந்தைக்கடைதான்.

ஒருநாள் மதியம் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. காரணம், பெட்டி. அன்று சாயங்காலம் ஆசாரி கல்லிடைக்குறிச்சிக்குப் புறப்படுகிறார். ஒரு புது வீட்டுக்கு வாசல் நிலையும் கதவும் மாட்ட வேண்டும். பால்காய்ச்சிக் குடிபுகுந்து முடியும்வரை பட்டறைக்குத் திரும்பமாட்டார். மொபெட்டின் பின்னால் கட்டுகிற பெட்டியோ சின்னது. கைக்கு முன்னால் எது கிடக்கிறதோ அதை எடுத்துப் போடுவார், பெட்டி நிறைந்தால் மூடிவிடுவார். அவர் வழக்கம் அது. மிச்சமெல்லாம் பலகையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஆசாரிக்கும் இந்த வேலை லேசுப்பட்டதல்ல. இதற்கு முந்தி சேரன்மகாதேவியில் அவர் மாட்டின கதவு சொன்ன இடத்தில் நிற்கவில்லை. சாத்திவிட்டுக் கையை எடுத்தால் தானாகவே திறந்துகொண்டு வந்தது. வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால், “மட்டமான வேலைய்யா” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆசாரி தன் கையையே நம்பாமல் இருந்தார். இந்த நிலையும் கோணிப்போனால் அந்த வட்டாரத்தில் அவரைக் கூப்பிட ஆள் இருக்காது.

பெட்டியில் ஏறாவிட்டால் மற்றக் கருவிகளுக்குப் பெரிய நஷ்டமில்லை. கொஞ்சம் தூசி படியும், தட்டினால் போய்விடும். மக்குக்கு அப்படியில்லை. மரத்தில் வெடிப்போ ஆணிப் பொத்தலோ இருந்தால் அதை அடைப்பதற்குப் பிசைகிற மாவுக்கு ஆசாரிமார் வைத்த பேர் மக்கு. அன்று காலையில்தான் கொம்பையா சாக்பவுடரில் எண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டி, ஒரு தகர டப்பா மூடியில் வைத்திருந்தார். ஈரம் இருக்கும்போதே எடுத்துப் பூச வேண்டும். விட்டுவிட்டுப் போனால் காய்ந்து கல்லாகிவிடும். அப்புறம் குப்பைதான். ஆகவே பெட்டிக்குள் போவது மக்குக்கு உயிர்ப் பிரச்சினை.

ஆனால் அதை முகத்தில் காட்டுகிற ஆள் இல்லை அது. பிசைந்த நேரத்திலிருந்து யாரையாவது சீண்டிக்கொண்டேதான் இருந்தது.

பலகையில் அதோடு கிடந்தவர்கள் மூன்று பேர். மரத்தை வழுவழுப்பாக்குகிற இழைப்புளி ஒன்று. உளியின் தலையில் தட்டுகிற கொட்டாப்புளி ஒன்று. திருகாணியை முடுக்குகிற திருப்புளி ஒன்று. பேரெல்லாம் புளியில் முடிவதால் தாங்கள் பங்காளிகள் என்று அவை சொல்லிக்கொள்ளும். பங்காளிகள் மாதிரியே சண்டையும் போடும்.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒருவர் இருந்தார். ரசமட்டம் அண்ணாச்சி. நீளமான தேக்குக் கட்டை, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், நடுவில் பித்தளைத் தகட்டுக்குள் பதித்த ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் கொஞ்சம் ரசமும் ஒரு காற்றுக் குமிழும். படுக்கிற இடம் சமமாக இருந்தால் குமிழ் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கும். சரிந்திருந்தால் ஒரு பக்கமாக ஓடிவிடும். கண்ணாடி போட்டவர் என்பதால் அவர் படித்தவர் என்று எல்லோரும் நம்பினார்கள். அண்ணாச்சியும் இல்லையென்று சொல்லவில்லை.

“எதுக்கு வே இந்தக் கூச்சல்?” என்றார் அண்ணாச்சி. “பெட்டியில அறிவாளிக்குத்தான் முதல் இடம். அறிவுங்கது ஒண்ணே ஒண்ணு. அதை அளக்கதுக்குத்தான் நான் இருக்கேன். ஒவ்வொருத்தரா வந்து படுங்க, நான் மேல படுக்கேன். குமிழ் நடுவுல நின்னா முன்னால போங்க. ஓடிட்டுன்னா பின்னால போங்க.”

“நீரு யாருக்கு அடியில படுப்பீரு அண்ணாச்சி?” என்று கேட்டது மக்கு.

“அளக்கவனை யாரும் அளக்கதில்ல.”

“அது சரி. உள்ள ரசம் வச்சிருக்கீராமே, சோத்துக்கு ஆகுமா?”

கொட்டாப்புளி சிரித்துவிட்டது. அண்ணாச்சி மக்கை ஒரு பார்வை பார்த்தார். பார்த்த பார்வையில் அதன் கதை முடிந்தது என்று மற்றவர்களுக்குப் புரிந்தது.

முதலில் இழைப்புளி வந்தது. அடிப்பாகம் மேலே தெரியும்படி மல்லாந்து படுத்தது. அண்ணாச்சி அதன்மேல் படுத்தார். குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் போய் அழகாக நின்றது.

“மட்டமா இருக்கு!” என்று உரக்க அறிவித்தார் அண்ணாச்சி.

மக்குக்கு ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது. “விடுலே தம்பி,” என்று இழைப்புளியைத் தேற்றியது. “பெரிய மனுசங்க வாய் அப்படித்தான். அதுக்காக எல்லார் முன்னாலயும் வச்சா ஒருத்தனை மட்டம்னு சொல்லுதது?”

பலகையே குலுங்குகிற அளவுக்குச் சிரிப்பு. இழைப்புளிக்குக் கோபம் வந்தது. “ஏலே, நான் ஜெயிச்சிருக்கேன்லே!” என்றது.

திருப்புளிதான் விளக்கிச் சொன்னது. “பட்டறையில மட்டம்னா சமமா இருக்குன்னு அர்த்தம். ஆசாரி வாயில அதுக்கு மேல பாராட்டு கெடையாது.”

“அப்படியா சங்கதி? நான் வந்த கடைத்தெருவுல மட்டம்னா, வாங்குனவன் மறுநாளே திருப்பிக் கொண்டாந்து மூஞ்சியில எறியுத சரக்கு,” என்றது மக்கு. “ஒரே வார்த்தை, ஒரு தெரு தாண்டுனா பூமாலை செருப்பாயிருதே!”

அடுத்தது கொட்டாப்புளி. உருண்டையான உடம்பு. அண்ணாச்சி மேலே படுப்பதற்குள் அது ஒரு பக்கம் புரண்டது, குமிழ் மறுபக்கம் ஓடியது.

“பின்னால போ.”

“அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சிராதேயும். எந்த மரம் எவ்வளவு அடி தாங்கும்னு ஒரு தட்டுல சொல்லிருவேன். உளிக்கு நோகுதா இல்லையான்னு அது வாயைத் திறக்க முந்தி எனக்குத் தெரியும்.”

“அது பழக்கம். அறிவு இல்ல.”

“இறுகிப்போன திருகாணிய நான் தலை தேயாம எடுக்கேனே?” என்று இடையில் புகுந்தது திருப்புளி. “எங்க அழுத்தணும், எங்க விட்டுக்குடுக்கணும்னு பாத்துல்லா எடுக்கேன்?”

“அது சாமர்த்தியம். அதுவும் அறிவு இல்ல.”

மக்கு பொறுத்துப் பார்த்தது, முடியவில்லை. “அண்ணாச்சி, அறிவு ஒண்ணே ஒண்ணுதான்னா நம்ம ஆளுக அதுக்கு இத்தனை பேரு எதுக்கு வச்சாங்க? சாமர்த்தியங்காங்க, சூட்டிகைங்காங்க, இங்கிதம் தெரிஞ்சவங்காங்க, கைப்பக்குவங்காங்க. ஒத்தப் பிள்ளைக்கு யாராவது இத்தனை பேரு வைப்பாங்களா?”

கண்ணாடி போட்டவருக்குப் பதில் வராமல் போகுமா?

“அதெல்லாம் செல்லப் பேரு,” என்றார். “அறிவு இல்லாதவன் மனசு கோணக்கூடாதுன்னு குடுக்கது. பேச்சு போதும், நீ வந்து படு.”

மக்கு மூடியோடு நகர்ந்து வந்தது. அண்ணாச்சி மேலே படுத்ததும் அதன் மெத்தென்ற உடம்பு ஒரு பக்கம் அமுங்கியது. குமிழ் ஓடியது. மக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் உப்பிப் பார்த்தது. இப்போது மறுபக்கம் அமுங்கியது.

“உமக்கு எப்படி வேணும்னு சொல்லும், நான் அப்படி ஆயிருதேன்,” என்றது மக்கு. “எந்தப் பொத்தல்ல வச்சாலும் அந்தப் பொத்தலுக்குத் தக்கன ஆகதுதான் என் சோலி.”

“சொந்தமா ஒரு நிலை இல்லாத பய. மக்குன்னு சும்மாவா பேரு வச்சாங்க? சுவரோரமா போய்க் கெட!”

சுவரோரம் என்றால் பலகையின் கடைசி. ஆசாரியின் கை அதுவரைக்கும் போனதே கிடையாது. மக்கு அங்கே போய் உட்கார்ந்தது. அப்போதுதான் அதற்குப் பயம் வந்தது. ஜன்னல் வழியாக உச்சிவெயில் காற்று அடித்தது. ஓரமெல்லாம் லேசாக இறுகுவது அதற்கே தெரிந்தது. பேரைச் சொல்லிக் கேலி செய்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. தன்னால் அடைக்கப்பட வேண்டிய பொத்தல் உலகத்தில் எத்தனையோ இருக்க, ஒன்றைக்கூட அடைக்காமல் கல்லாகிப் போவோமே என்றுதான் அதற்கு ஆற்றாமை.

கடைசியாகத் திருப்புளி வந்தது. அதன் கைப்பிடி உருண்டை. குமிழ் நிற்கவே இல்லை. “பின்னால போ,” என்றார் அண்ணாச்சி.

திருப்புளி போகவில்லை. அதற்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் அந்தப் பக்கம் ஒரு தரம், இந்தப் பக்கம் ஒரு தரம் திருப்பிப் பார்க்காமல் அது நம்பாது. அதனால் பட்டறையில் யாரும் அதனிடம் ரகசியம் சொல்வதில்லை.

“அண்ணாச்சி, ஒரே ஒரு காரியம். இப்ப இழைப்புளி மேல படுத்தீரே, அதே எடத்துல தலைமாடு கால்மாடா மாறிப் படும், பாப்போம்.”

“என்னத்துக்கு?”

“சும்மாதான். சமமான எடம்னா நீரு எப்படிப் படுத்தாலும் சமமாத்தானே காட்டணும்?”

“என்னையவே சந்தேகப்படுதியா நீ?”

“மாறிப் படுக்கதுக்கு என்ன அண்ணாச்சி, நோகவா போகுது?” என்று சுவரோரத்திலிருந்து குரல் கொடுத்தது மக்கு. பயத்திலும் அதற்கு வாய் மட்டும் அடங்கவில்லை.

இவர்கள் வாயை அடைத்தால் போதும் என்று அண்ணாச்சி எழுந்தார். இழைப்புளி பழைய இடத்தில் மல்லாந்தது. தலை இருந்த பக்கம் கால் வரும்படி அண்ணாச்சி திரும்பிப் படுத்தார்.

குமிழ் விறுவிறுவென்று ஒரு பக்கமாக ஓடி, மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.

“நீ அசைஞ்சிட்டே!” என்று இழைப்புளிமேல் பாய்ந்தார் அண்ணாச்சி.

“சத்தியமா அசையல அண்ணாச்சி.”

வேலைப் பலகையை ஒட்டி முன்பக்கம் ஒரு கருங்கல் பலகை இருந்தது. அது அசைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணாச்சி அதன்மேல் போய்ப் படுத்தார். மாறிப் படுத்தார். ஒரு தரம் ஒரு பதில், மறு தரம் வேறு பதில். திரும்பத் திரும்பப் படுத்துப் பார்த்தார். இடம் ஒன்றுதான், பதில்தான் இரண்டு.

இழைப்புளிக்கு முகம் தொங்கிவிட்டது. வேலைப் பலகை கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தது, அண்ணாச்சியின் குழாய் கொஞ்சம் மறுபக்கம் சாய்ந்தது, இரண்டு கோணலும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டதில்தான் அது அறிவாளி ஆகியிருந்தது.

அண்ணாச்சியின் குமிழ் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

“சேரன்மாதேவிக் கதவு,” என்றார் அண்ணாச்சி மெதுவாக. “அன்னைக்கு நிலைய நிறுத்தும்போது நான்தான் மட்டம்னு சொன்னேன். ஆசாரி என்னைய நம்பித்தான் சிமெண்டு வச்சாரு. அவரு கைமேல ஒரு தப்பும் இல்ல. இத்தனை நாளும் அந்த மனுசன் தன்னைத் தானே நொந்துக்கிட்டு சோறு எறங்காம இருக்காரு. நான் கண்ணாடிய மாட்டிக்கிட்டு உங்களுக்கெல்லாம் அறிவு அளந்துக்கிட்டு இருந்திருக்கேன்.”

கொட்டாப்புளிக்கு இரக்கம் வரவில்லை. “ஆமா, எங்களை மட்டம் தட்டுனீரு. இப்ப என்ன செய்வீரு?”

“என்னைய சுவரோரம் தள்ளிவிடுங்க. ஆசாரி பார்வையில படவேண்டாம். தெரிஞ்சா அடுப்புல வச்சிருவாரு.”

“நல்லதாப் போச்சு, முன்னால ஒரு எடம் காலி,” என்றது கொட்டாப்புளி. “ஏலே மக்கு, நீ காஞ்சு போறதுக்குள்ள இங்க வா!”

மக்குக்கு அந்த இடத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தால் ஆசாரி எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவார், உயிர் பிழைத்தது. மூடியை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் வந்தது. வருகிற வழியில் அண்ணாச்சி தலைகுனிந்து கிடந்தார். பித்தளைத் தகட்டின் இடுக்கில், கண்ணாடிக் குழாய்க்கு அடியிலிருந்து ஏதோ வெள்ளையாக உதிர்ந்திருந்தது. மக்கு நின்றது. குனிந்து பார்த்தது. அப்புறம் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தது.

“அண்ணாச்சி! உம்ம கண்ணாடிக்கு அடியில என்னது இருக்கு, தெரியுமா?”

“என் கண்ணாடிக்கு அடியில இருக்கது எனக்கு எப்படிலே தெரியும்?”

“எங்க ஆளு வே! மக்கு! உம்மைய செஞ்ச ஆசாரி கண்ணாடிக் குழாயை மக்குலதான் பதிச்சு வச்சிருக்காரு. அது இத்தனை காலமும் உம்மைய நேரா நிறுத்திட்டு, இப்ப காஞ்சு உதுந்துபோச்சு. அதான் குழாய் சாஞ்சிட்டு.”

அண்ணாச்சி சுவரோரமாக நகரப் பார்த்தார்.

“சுவரோரத்துக்கெல்லாம் போகவேண்டாம்,” என்றது மக்கு. “முன்னாலேயே கெடயும். கல்லு மேல படுத்து, குமிழை மூலையில காட்டிக்கிட்டு அப்படியே கெடயும். ஆசாரி பாத்துக்கிடுவாரு.”

“அடுப்புல வச்சிட்டாருன்னா?”

“நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேம்லா? ஒரு பார்வையில ரெண்டு பேரும் தெரியணும். மிச்சத்தை அவரு யோசிச்சுக்கிடுவாரு. அதுக்குத்தான் அவருக்குத் தலைன்னு ஒண்ணு இருக்கு.”

அண்ணாச்சிக்கு அது லேசான காரியமில்லை. தப்பை மறைத்துக் கிடப்பது சுகம், வெளியே காட்டிக் கிடப்பது ரம்பத்தின் பல்மேல் படுக்கிற மாதிரி. இருந்தாலும் கிடந்தார். மக்கு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

கொம்பையா உள்ளே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி முப்பிடாதி சோற்று வாளியோடு வந்தாள். பெட்டியைத் திறந்து, கையை நீட்டி, ரசமட்டத்தை எடுக்கப் போனவர் அப்படியே நின்றார்.

“என்ன இது? இந்தக் கல்லு சமமாத்தானே கெடக்கும்?”

அண்ணாச்சியைத் தூக்கி, தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைத்தார். பார்த்தார். மறுபடி திருப்பினார். அவர் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு வெளிச்சம் வந்தது.

“ஏ முப்பிடாதி, இங்க வா, இங்க வா! சேரன்மாதேவிக் கதவு ஏன் நிக்கலைன்னு தெரிஞ்சு போச்சு!”

“ஏன்?”

“என் வேலை மட்டமில்லட்டி. இந்த மட்டம்தான் மட்டம்!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முப்பிடாதிக்கு அவர் சொன்னது பாதி புரியவில்லை. ஆனால் அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது, அதனால் அவளும் சிரித்தாள். “நான்தான் அன்னைக்கே சொன்னம்லா, உங்க கையில ஒண்ணும் குத்தமிருக்காதுன்னு,” என்றாள்.

“இதை என்ன செய்யப் போறீங்க? தூரப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க,” என்றாள் ரசமட்டத்தைக் காட்டி.

அண்ணாச்சியின் குமிழ் விறைத்துப் போனது.

ஆசாரி கண்ணாடிக்கு அடியில் நகத்தால் சுரண்டினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. கண் தானாகவே பக்கத்தில் இருந்த மூடிக்குப் போனது.

“தூரப் போடுததாவது! அடியில மக்கு உதுந்திருக்கு, அவ்வளவுதான். காலையில பிசைஞ்சது இந்தா ஈரமா இருக்கே.”

திருப்புளி பித்தளைத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றியது. கண்ணாடிக் குழாய் வெளியே வந்தது. ஆசாரி பழைய பொடியை ஊதித் தள்ளிவிட்டு, மக்கில் ஒரு விள்ளல் கிள்ளி எடுத்துக் குழிக்குள் அப்பினார். மக்குக்கு அந்தக் கிள்ளல் வலிக்கவேயில்லை. குழியைப் பார்த்தது, மேடு எது பள்ளம் எது என்று தடவித் தெரிந்துகொண்டது, அந்தக் குழியாகவே ஆகிவிட்டது. குழாய் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. கொட்டாப்புளி பூவைத் தொடுகிற மாதிரி லேசாகத் தட்டியது. ஆசாரி திருப்பி வைத்தார், பார்த்தார், தட்டினார், மறுபடி திருப்பினார். கடைசியில் எப்படித் திருப்பினாலும் குமிழ் ஒரே இடத்தில் நின்றது.

“எல்லாத்தையும் கொண்டுபோறேன்,” என்று நாலையும் அள்ளினார் ஆசாரி. “எது எப்ப வேணும்னு யாரு கண்டா?” மூடியில் மிச்சமிருந்த மக்கையும் ஈரத்துணி சுற்றி எடுத்துக்கொண்டார். சோற்று வாளியையும் உள்ளே வைத்ததில் பெட்டி மூடவில்லை. “சோத்து வாளிய வெளிய எடுங்க, ஹேண்டில்பார்ல மாட்டிக்கிடலாம்,” என்றாள் முப்பிடாதி. எடுத்ததும் பெட்டி மூடிக்கொண்டது.

கல்லிடைக்குறிச்சியில் அந்தப் புது வீட்டு வாசலில், இன்னும் வார்னிஷ்கூடப் பூசாத ஒரு வேப்பமர நிலை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலையில் ஆசாரி அதைத் தூக்கி நிறுத்தி, அண்ணாச்சியை அதன் கீழ்ப்படிமேல் வைத்தார். நிலைக்கு ஏற்கெனவே நடுக்கம். மரக்கடையில் எத்தனையோ பேர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போயிருந்தார்கள்.

குமிழ் கொஞ்சம் ஒரு பக்கமாக நகர்ந்தது.

நிலையின் முகம் செத்துப்போனது. அண்ணாச்சி சாவகாசமாகச் சொன்னார்: “பயப்படாதலே. உன் எடது கால் கொஞ்சம் எறங்கியிருக்கு. ஆசாரி ஒரு ஆப்பு வைப்பாரு, நீ நிமிர்ந்திருவ. அதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கேன்.”

ஆசாரி ஆப்பு வைத்தார். நிலை நிமிர்ந்தது. ஆனாலும் அதற்கு உறுத்தல் போகவில்லை.

“அண்ணாச்சி, மறைக்காமச் சொல்லும். முதல் தடவையே சரியா நிக்கத் தெரியல. நான் வெறும் மக்குதானே?”

கண்ணாடிக்கு அடியில் ஏதோ ஒன்று சிரிப்பை அடக்கிக்கொண்டது. அண்ணாச்சி ஆடாமல் அசையாமல் குமிழை நடுவில் நிறுத்திக்கொண்டு சொன்னார்:

“மக்கா? நீயா? அந்தப் பேரை வாங்க நீ இன்னும் எவ்வளவோ படிக்கணும்லே!”